வாரண்டி முடிந்தால் நியாயமும் முடிந்துவிடுமா?

(இன்ஜின் பழுது என்ற பெயரில் டிராக்டர் டீலர்கள் அடிக்கும் கொள்ளையைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் நமது சங்கத்தின் வட்டாரச் செயலாளர் ஆற்றிய உரை)



வெயில் ஏறுது, நீட்டிப் பேசலை. ஆனா ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாச் சொல்லியாகணும். ஏன்னா இது என் வண்டிக்கே நடந்தது.

வங்கியில் கடன் போட்டு டிராக்டர் எடுத்தேன். ரெண்டு வருஷம் அல்லது ரெண்டாயிரம் மணி நேரம், எது முந்துதோ அதுவரைக்கும் வாரண்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்திரெண்டாவது மாசம் ரேடியேட்டரில் தண்ணி குறைய ஆரம்பிச்சது. வெளியே ஒழுகின தடமே இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை. டீலரிடம் ஓட்டிக்கிட்டுப் போனேன். சர்வீஸ் பையன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "ஒண்ணுமில்லைண்ணே, தண்ணி ஊத்தி ஓட்டுங்க" என்றான். நானும் திரும்பி வந்துட்டேன். ஒரு சீட்டு கூடக் கேட்டு வாங்கலை. அதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம்!

இருபத்தைந்தாவது மாசம். கடைமடைக்குத் தண்ணி வந்த வாரம். கேஜ்வீல் மாட்டிச் சேறடிச்சுக்கிட்டு இருக்கும்போது வண்டி நடுவயல்ல நின்னுபோச்சு. ஹெட் கேஸ்கட் போயி, தண்ணி உள்ளே இறங்கி, இன்ஜின் ஆயில் பால் டீ மாதிரி ஆகி, பேரிங் பிடிச்சுக்கிச்சு. இன்னொரு டிராக்டரை வெச்சு இழுத்துக்கிட்டுப் போனோம். எஸ்டிமேட் 1,18,000 ரூபாய்! மேலாளர் சிரிச்ச முகத்தோட, "வாரண்டி போன மாசமே முடிஞ்சு போச்சுங்களே அண்ணே" என்றார். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்து காட்டினேனே என்றேன். "அப்படி எதுவும் பதிவுல இல்லையே" என்றார்.

பதிவுல இல்லை! தோழர்களே, அவர்கள் நம்மை ஜெயிப்பது இந்த ஒரு வார்த்தையிலேதான். இன்ஜின் உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னதுதான் கணக்கு. நம்ம பக்கத்தில் பேப்பர் கிடையாது. நாத்து முத்திக்கிட்டு இருக்கு, வாடகை வண்டிக்கு மணிக்கணக்கில் அழுகிறோம், பேங்க் தவணை நிக்கிறதில்லை. இந்த நெருக்கடியில் எந்த விவசாயியும் நகையை அடகு வெச்சாவது பணத்தைக் கட்டுவான் என்று அவர்களுக்கு நல்லாத் தெரியும்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லித்தான் ஆகணும். ஏர் கிளீனரைச் சுத்தம் பண்ணாம, கிடைச்ச ஆயிலை ஊத்தி, சர்வீஸ் புக் எங்கே கிடக்குன்னே தெரியாம ஓட்டுற ஆளும் நம்மில் இருக்கிறார். அவருக்காகச் சங்கம் சண்டை போட முடியாது. போட்டாலும் தோற்போம். ஆனா ஒழுங்கா சர்வீஸ் விட்டவனுக்கும் அதே பதில்தானே கிடைக்கிறது!

சட்டம் என்ன சொல்லுது? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நாம் அங்கே ஓட வேண்டியதில்லை. நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நாமே நின்று பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். இன்னிக்குப் பார்க்கலாம், அறுப்பு முடியட்டும்னு தள்ளித் தள்ளியே கெட்டவர்கள் அதிகம்.

அங்கே டீலர் வக்கீல் எழுந்து முதலில் என்ன சொல்வார் தெரியுமா? "இவர் டிராக்டரை வாடகைக்கு விடுகிறார், இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை" என்பார். பயந்துடாதீங்க! சொந்தப் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கு. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. விதை வாங்கி ஏமாந்த விவசாயிகள் வழக்கிலும் 2012-ல் அதே கோர்ட் விவசாயியை நுகர்வோர் என்று ஏற்றுக்கொண்டது. நாலு டிராக்டர் வெச்சு, டிரைவர் போட்டு ஓட்டுகிறவருக்கு மட்டும் இந்த வாதம் சிரமம்.

இன்னொரு இடம் இருக்கு, அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறோம். வேலையை முடிச்சுட்டா, கூலி கட்டும்வரை வண்டியைப் பிடிச்சு வெச்சுக்க ஒர்க்‌ஷாப்காரருக்கு உரிமை உண்டு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அது. அதனால சண்டையை இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே போடணும். "சரி சரி, நீங்க வேலையைப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிட்டா, நம்ம பிடி போச்சு. ஜாப் கார்டில் வண்டியின் மணிக் கணக்கை எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்ன குறையை நீங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்க. இன்ஜின் பிரிக்கும்போது நம்ம ஊர் மெக்கானிக் ஒருத்தரோட கூட நின்னு போன்ல படம் எடுங்க. பழுது எதனால் வந்தது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கேளுங்க. கழட்டின பிஸ்டனையும் பேரிங்கையும் காயலான் கடைக்குப் போக விடாம வாங்கிட்டு வாங்க. ஆணையத்தில் நிபுணர் பரிசோதனை என்று வந்தால் அந்தத் துருப்பிடிச்ச இரும்புதான் உங்க சாட்சி.

வாரண்டிக்குள் சொன்ன குறை பதிவாகி, அதைச் சரியாத் தீர்க்காம அனுப்பி, அதே குறை பின்னாடி இன்ஜினைத் தின்னுச்சுன்னா, வாரண்டி முடிஞ்ச தேதியைக் காட்டி அவர் சுலபமாத் தப்ப முடியாது. எனக்கு அந்தப் பதிவு இல்லை. பேசிப் பேசி, சங்கத் தோழர்கள் பத்துப் பேர் போய் உட்கார்ந்த பிறகு கூலியை மட்டும் தள்ளுபடி செஞ்சார்கள். உதிரிப் பாகத்துக்கு முழுப் பணமும் கட்டினேன்.

உதிரிப் பாகம் என்றதும் ஒண்ணு சொல்லணும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிப் பாகத்தை வெளிச்சந்தையில் விடாமல், வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போச்சு என்று மிரட்டியதுதான் குற்றம். கம்பெனிகள் அப்பீலுக்குப் போனது வேறு கதை. அது கார் வழக்கு, டிராக்டர் வழக்கு இல்லை. ஆனா மிரட்டல் ஒரே மிரட்டல்தானே! 2022-ல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, விவசாயக் கருவிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களுக்கு என்றே இதைச் சட்டமாக்கிவிட்டது. நமக்கும் அது சட்டமாக வேண்டும் என்பது நமது கோரிக்கை.

உள்ளே இருக்கிற டீலரிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஜாப் கார்டு கொடு! இன்ஜினை உரியவர் முன்னால் பிரி! காரணத்தை எழுதிக் கொடு! பழைய பாகத்தைத் திருப்பிக் கொடு!

வர்ற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் இதை மனுவாகக் கொடுக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் புகார் பதியலாம். யார் யாரிடம் எஸ்டிமேட், பில், சர்வீஸ் புக் இருக்கோ, கூட்டம் கலைஞ்சதும் அந்த வேப்பமரத்தடிக்கு எடுத்துக்கிட்டு வாங்க. ஜெராக்ஸ் எடுக்க ஆள் போட்டிருக்கோம். பேப்பர் எதுவும் இல்லாதவர்களும் வாங்க, வண்டி நம்பரையும் தேதியையும் எழுதி வெச்சுக்குவோம்.