மார்க்கமா, பிக்கறிங்கா, ஏஜக்ஸா?



வருமான வரிக் காலம் முடிந்து, மேசையில் கிடந்த கடைசிக் கோப்பையும் மூடிவைத்த ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஓர் இளம் தம்பதி என்னுடைய அலுவலகத்துக்கு வந்தார்கள். வரி அலுவல் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது, எக்ளின்ரன் வீதியில் இருக்கிற இரண்டு அறை அப்பாட்மென்ற் இனிப் போதாது. "அண்ணை, எந்தச் சிற்றியிலை வீடு வாங்கிறதெண்டு ஒருக்கால் கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்று மடிக்கணினியைத் திறந்தார் கணவர்.

நல்ல வடிவாகத் தயாரித்திருந்தார். மார்க்கம், பிக்கறிங், ஏஜக்ஸ், விற்பி, ஒஷாவா என்று ஐந்து நிரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டு விலை, சொத்து வரி, மோட்கேஜ், பள்ளிக்கூடம், வேலைக்குப் போகிற தூரம். 2003இல் நான் வீடு வாங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு கடித உறையின் பின்பக்கம் மட்டும்தான்.

எங்களுடைய சனம் இந்தப் பட்டியலைப் போடுவது இது முதல் தடவை அல்ல. 1983க்குப் பிறகு வந்தவர்களில் பலர் முதலில் சென்ற் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். பிறகு ஸ்காபரோ. பிறகு ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம். பெயரிலேயே மார்க்கம் இருக்கிறதே என்று அந்த நாளில் பகிடி விடுவார்கள். 2006இல் அந்த நகரசபைக்கு ஒரு தமிழர் தெரிவானார். இன்றைக்கு அங்கே வன்னி என்ற பெயரில் ஒரு வீதியும் இருக்கிறது. மார்க்கத்தில் விலை ஏற ஏற, றூஜ் ஆற்றுக்குக் கிழக்கே டர்ஹம் பகுதிக்குப் போகத் தொடங்கினோம். 2021 குடிசன மதிப்பின்படி மார்க்கத்தில் 338,503 பேர். பிக்கறிங்கில் 99,186, ஏஜக்ஸில் 126,666, விற்பியில் 138,501, ஒஷாவாவில் 175,383. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள்தான், ஆனால் கணக்கில் ஒவ்வொன்றும் வேறு.

அன்றைக்கு நாங்கள் பார்த்த கணக்கில் சிலவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வீடு கைமாறும்போது மாகாணத்துக்குக் கட்டுகிற லாண்ட் ட்ரான்ஸ்பர் ராக்ஸ் 900,000 டொலர் வீட்டுக்கு 14,475 டொலர். அந்த வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால் நகரசபைக்கும் இன்னொரு 14,475. 2008 பெப்ரவரியிலிருந்து இந்த இரண்டாவது வரி இருக்கிறது. ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே வாங்கினால் இரண்டு தரம், வீதியைக் கடந்து வடக்கே வாங்கினால் ஒரு தரம். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணத்தில் 4,000, நகரத்தில் 4,475 வரை கழிவு உண்டு. அதைக் கேட்க மறக்காதீர்கள்.

இதைக் கேட்டவுடன் எல்லாரும் ரொறன்ரோவை விட்டுப் போவதுதான் இலாபம் என்று சொல்வார்கள். பொறுங்கள். வருஷா வருஷம் கட்டுகிற சொத்து வரி மறுபக்கம் இழுக்கிறது. ரொறன்ரோவில் 2025இல் அது மதிப்பீட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.75. மார்க்கமும் அதற்குக் கிட்டத்தான். டர்ஹமில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிவிடும், ஒஷாவாவில் இன்னும் கூட. காரணம் விளங்காதது அல்ல. ரொறன்ரோவில் அலுவலகக் கோபுரங்களும் கடைகளும் பெரும் பங்கைக் கட்டுகின்றன. வீடுகளே அதிகமாக உள்ள ஊரில் வீட்டுக்காரர்தான் சுமக்க வேண்டும். இந்த மதிப்பீடு நீங்கள் வாங்கிய விலை அல்ல, 2016 ஜனவரி 1ஆம் திகதிய பெறுமதி. மதிப்பீடு 450,000 என்றும் வித்தியாசம் அரைப் புள்ளி என்றும் வைத்தால் வருஷத்துக்கு 2,250 டொலர். ரொறன்ரோவுக்குக் கட்டாமல் தப்பிய 14,475 ஆறரை வருஷத்தில் போய்விடும். கார் இன்சூரன்ஸ் தபால் குறியீட்டைப் பார்த்துத்தான் வருகிறது. அதில் ஸ்காபரோவைவிட விற்பி, ஒஷாவாப் பக்கம் மலிவு. 407 நெடுஞ்சாலையில் பிக்கறிங் புறொக் வீதிக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு 2025 யூன் 1ஆம் திகதியிலிருந்து கட்டணம் இல்லை. மேற்கே போனால் பில் வீட்டுக்கு வரும்.

பேஸ்மென்ற் வாடகையைப் பற்றியும் கேட்டார்கள். வாடகை வரும் என்று நம்பித்தான் மோட்கேஜ் எடுக்கிறோம். பேஸ்மென்ற் சட்டப்படி பதிந்ததா, தீ பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியுமா என்று பாருங்கள். வாடகையை வருமானமாகக் காட்ட வேண்டும். இதைச் சொன்னால் எனக்குக் கிடைப்பது நேயர்களின் கோபம்தான். அதனால் இதோடு விடுகிறேன்.

எல்லாம் பார்த்து முடிய, அந்தப் பட்டியலில் முன்னுக்கு நின்றது ஏஜக்ஸ்.

ஏஜக்ஸ் எனக்குப் பழக்கமான ஊர். அது பிறந்த கதையே வேறு மாதிரி. 1941இல் பிக்கறிங் கிராமப்புறத்தின் பண்ணை நிலத்தில் பீரங்கிக் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்புகிற தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள். வேலையாட்கள் தங்கக் கட்டிய வீடுகள்தான் பிறகு ஊரானது. 1939இல் தென் அமெரிக்கக் கரையோரம் ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்றோடு மோதிய பிரித்தானியக் கப்பலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் பெரும்பாலும் பெண்கள்தான் நின்று, நாலு கோடிக் குண்டுகள் வரை நிரப்பினார்களாம். ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த சனம் நாங்கள், ஷெல் நிரப்பிய ஊரில் போய்க் கராச் கட்டியிருக்கிறோம்! வீடு வாங்கி நாலைந்து வருஷத்துக்குப் பிறகுதான் இதை அறிந்தேன். அம்மாவிடம் சொன்னபோது "அப்ப அதுதான் இவ்வளவு அமைதி போலை" என்றா.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1998இல் அம்மா ஸ்பொன்சரில் வந்து, மார்க்கம் வீதியும் எக்ளின்ரனும் சந்திக்கிற இடத்தில் எங்களோடு ஒன்பதாம் மாடியில் இருந்தா. ஆங்கிலம் தெரியாது. ஆனால் பஸ் தெரியும். 102 என்றால் மார்க்கம் வீதி பஸ். அதை இலக்கத்தாலும், சாரதியின் முகத்தாலும் அறிவா. லிஃப்டில் இறங்கினால் மரக்கறிக் கடை, தமிழ் வைத்தியர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக அதே கட்டடத்தில் மூன்று நாலு அம்மாமார். ஒருநாள் பனியில் பிந்தி வந்ததற்கு நான் சத்தம் போட்டபோது, "நான் தொலைஞ்சு போற ஆளோ?" என்று கேட்டா.

2003இல் ஏஜக்ஸில் நாலு அறை வீடு வாங்கினேன். இரட்டைக் கராச், பின்வளவு, அம்மாவுக்குத் தனி அறை. பஸ் தரிப்பு நடக்கிற தூரத்தில்தான் என்று வீட்டு முகவர் சொன்னார். அவர் நடக்கிற தூரம் வேறு, எழுபது வயதில் பனியில் நடக்கிற தூரம் வேறு. டர்ஹம் றீஜன் ட்ரான்சிற் 2006இல்தான் வந்தது. அதற்கு முந்திய பஸ்ஸோ மணித்தியாலத்துக்கு ஒன்று. ஸ்காபரோவுக்குப் போவதென்றால் எல்லையில் மாறி ரி.ரி.சி.க்கு இன்னொரு கட்டணம். அம்மா இரண்டு தரம் முயற்சித்தா. மூன்றாம் தரம் கேட்கவில்லை. "எங்கையும் போகவேணுமெண்டால் சொல்லுங்கோ அம்மா, கூட்டிக்கொண்டு போறன்" என்று நான் சொல்லுவேன். "நீ களைச்சுப் போய் வாறாய் தம்பி, பிறகு பாப்பம்" என்பா. அவ பழகிவிட்டா என்று நினைத்தேன். பின்னேரம் நான் காரைக் கராச்சுக்குள் விடும்போது சன்னலில் அவவின் முகம் தெரியும். அதையும் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டின் பெறுமதி ஏறிக்கொண்டிருந்தது. கணக்காளனான நான் அந்த ஏற்றத்தைத்தான் எழுதிவைத்தேன்.

2011இல் அம்மா காலமானா. அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒரு சின்னப் பேர்ஸ். அதற்குள் ரி.ரி.சி. முதியோர் ரிக்கெற் ஆறு. ஏஜக்ஸுக்கு வருவதற்கு முன் வாங்கியது.

அந்தத் தம்பதியிடம் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "பகலிலை பிள்ளையை ஆர் பாக்கினம்?"

"இவவின்ரை அம்மா அண்ணை. எங்களோடைதான் இருக்கிறா."

"அவ கார் ஓடுவாவோ?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மனைவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, வலது கரையில் 'அம்மா' என்று ஒரு நிரல் சேர்த்தா. ஐந்து பெட்டிகளும் வெறுமையாக இருந்தன.

அவற்றை நிரப்புவது இன்றைக்கு 2003இல் போல அவ்வளவு கடினமில்லை. 2024 பெப்ரவரி 26ஆம் திகதியிலிருந்து டர்ஹம் பஸ்ஸிலிருந்தோ யோர்க் றீஜன் பஸ்ஸிலிருந்தோ ரி.ரி.சி.க்கு மாறினால், நேரத்துக்குள் பிறெஸ்ரோ அட்டையைத் தட்டினால், இரண்டாவது கட்டணம் இல்லை. ஒஷாவாவிலிருந்து விற்பி, ஏஜக்ஸ், பிக்கறிங் ஊடாக இரண்டாம் இலக்கப் பெருவீதியால் ஓடுகிற 900ஆம் இலக்க பல்ஸ் பஸ் ஸ்காபரோவுக்குள் பல்கலைக்கழக வளாகம் வரை வருகிறது. ஆனால் அந்தப் பெருவீதியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. புதிய வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் அதிலிருந்து வடக்கே தள்ளித்தான். கோ ரயில் நிலையம் கிட்ட என்பார்கள். அது யூனியனுக்கு வேலைக்குப் போகிறவருக்கு நல்லது, மரக்கறி வாங்கப் போகிறவருக்கு அல்ல.

தம்பதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு, காரை ஸ்காபரோவில் விட்டுவிட்டு, பஸ்ஸிலேயே நாலு வீடு பார்த்திருக்கிறார்கள். பட்டியலில் முதலாவதாக நின்ற பெரிய வீட்டுக்குத் தரிப்பிலிருந்து இருபத்தாறு நிமிஷ நடை. அது போய்விட்டது. பிக்கறிங்கில் கிங்ஸ்ரன் வீதிக்குக் கிட்ட ஓர் அறை குறைந்த ரவுண்ஹவுஸ் ஒன்று மிச்சம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, பின்வளவு மட்டும் இல்லை. கணவருக்கு இன்னும் முழு மனமில்லை. போன கிழமை தொலைபேசியில் பேசினார்.

"மாமி என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"பஸ் பறவாயில்லையாம் அண்ணை. ஆனால் வெய்யிலுக்கை நடந்ததை வைச்சுச் சொல்லேலாதாம். தை மாதம் பனியுக்கை ஒருக்கால் தனிய நடந்து பாத்திட்டுத்தான் சொல்லுவாவாம்."

அதுவரைக்கும் கையெழுத்து இல்லை.