தேனீயும் ஒரு தொழிலாளிதான்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றிப் பேச வேண்டிய மேடையில் தேனீயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். தேனீயும் ஒரு தொழிலாளிதான். அதற்கு நேர்ந்த கதி நமக்கும் பாடம்.

பால்மரம் இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில், மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீக்கள் அதைத் தேடி வருகின்றன. துளிருக்குப் பூச்சிமருந்து அடித்தால், அதுவும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது.

ஜெர்மனியில் 2008-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ரைன் நதிப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தார்கள். விதை மீது குளோத்தியானிடின் என்ற மருந்து பூசியிருந்தது. பூச்சு சரியாக ஒட்டவில்லை. விதைக்கும் இயந்திரம் அதைத் தூளாகக் காற்றில் ஊதிவிட்டது. தூள் பக்கத்துப் பூக்களில் படிந்தது. சுமார் 11,500 தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. விதைத்தது ஓரிடம், செத்தது வேறிடம்! 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்தையும் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது.

உடனே சாகாத தேனீயும் தப்புவதில்லை. நரம்பு கெட்டு, கூட்டுக்கு வழி தெரியாமல் அலைந்து மடிகிறது. வழி கண்டு திரும்புவதோ, நஞ்சு கலந்த மகரந்தத்தைக் குஞ்சுகளுக்குச் சுமந்து வருகிறது. மருந்து அடித்த உடுப்போடு லயத்துக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கும் தாயை நினைத்துப் பாருங்கள்!

மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கும் வழியிலேயே மனிதனின் நரம்பையும் தாக்குகின்றன. அளவில்தான் வேற்றுமை.

பாராகுவாட் களைக்கொல்லிக்கு இந்நாட்டில் 2002-இல் தடை வந்தது, 2006-இல் தளர்ந்தது, 2020-இல்தான் முழுத் தடை வந்தது. கவனம் தவறினால் பெற்றதும் கைவிட்டுப் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே நாம் கேட்பது இவை: பூத்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அடித்தே தீர வேண்டுமானால், தேனீ கூடு திரும்பிய மாலை வேளையில் அடிக்கட்டும். அதற்கு மேல்நேரச் சம்பளமும் கொடுக்கட்டும். காற்று வீசும்போது வேலையை நிறுத்த வேண்டும். கையுறையும், முகமூடியும், குளிக்கத் தண்ணீரும் நிர்வாகமே கொடுக்க வேண்டும்.

கிராணிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்டோர் புத்தகம் நம் கையில் இருக்கிறது. டின்னில் உள்ள மருந்தின் பெயரையும் அபாயத்தையும் தமிழில் எழுதிப் பிரட்டுக் களத்தில் ஒட்டுவோம்.

தேனீ மனுக் கொடுக்க முடியாது. நம்மால் முடியும். கொடுப்போம்!