சாகுபடி ஒருவர், உதவித்தொகை ஒருவர்



விவசாயிக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்றெல்லாம் நிறையவே பேசிவிட்டோம். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை இந்தக் கருத்தரங்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றார்கள்; சில மாதங்களிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் எடுக்கவில்லை.

காவிரிப் படுகைக்கு வாருங்கள். கோயில், மடத்து நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர் போய்விட்டவர்களின் நிலத்தை வாய்ப்பேச்சில் குத்தகை பேசி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்று விடுவது, உரம் வாங்குவது, அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை, அடங்கலுக்கு வி.ஏ.ஓ.விடம் போய் நிற்க வேண்டும். தவணைப் பணம் வரவான குறுஞ்செய்தியோ, நடவையும் பார்க்காத, அறுப்பையும் பார்க்காத அந்த வெளியூர்ப் பட்டாதாரரின் கைபேசிக்குப் போகிறது. இது அநீதி. மெல்லிய சொல் தேட எனக்கு மனமில்லை.

குத்தகையை ஏன் எழுதிக்கொள்வதில்லை? சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1955லேயே சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969இல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் உரிமையாளர்களுக்கு வந்தது. புதிய குத்தகைகள் காகிதத்தில் ஏறாமல் நின்றன. பாதுகாப்புக்காக வந்த சட்டமே பலரைக் கணக்கிலிருந்து மறைத்துவிட்டது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த உதவித்தொகையும் உழுகிறவரைச் சேராது.

தெலங்கானா 2018இல் ரைத்து பந்து கொண்டுவந்தபோது ஏக்கர் கணக்கில் பட்டாதாரருக்கே கொடுத்தது. நிலம் கூடக் கூடப் பணமும் கூடியது. அதே ஆண்டு இறுதியில் ஒடிசாவின் காலியா திட்டம் வாரச் சாகுபடி செய்கிறவர்களையும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019இல், நில உரிமையைத் தொடாத 11 மாத சாகுபடி ஒப்பந்தத்துக்குச் சட்டம் இயற்றியது. நல்ல யோசனைதான், ஆனால் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற இடத்தில் அதுவும் இடறியது.

பட்டியலைத் திறந்தால் போலிகள் நுழைவார்கள் என்பார்கள். 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் தகுதியில்லாதவர்கள் பி.எம். கிசானில் சேர்க்கப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனது. நிலம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தபோதே நடந்தது அது. பட்டா கேட்பதால் மோசடி நின்றுவிடவில்லை.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்று அரசே ஏற்றிருக்கிறது. 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல் வயலாக இறங்கி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் ஈடுபட்டார்கள். வயலில் என்ன பயிர் என்று பதியும்போதே, உரிமை பற்றிய எந்தக் கோரிக்கைக்கும் ஆதாரமாகாத வகையில், சாகுபடி செய்கிறவர் பெயரையும் பதிய முடியுமா? உரிமையாளரின் கையெழுத்துக்குப் பதில் பக்கத்து வயல்காரர்களின் சாட்சி போதுமா? முதல் அமர்வு இந்த இரண்டு கேள்விகளையும் சட்ட வல்லுநர்களோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளட்டும். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் விவசாயச் சங்கத் தோழர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். கட்டுரைகளுக்கு முன் நீங்கள் பேச வேண்டும்.