கிசோ ஆற்றங்கரைச் செர்ட் அடுக்குகளும் அழிந்த பெருங்கடலின் வரலாறும்



பசிபிக் பெருங்கடலின் அடித்தரையில் ஜுராசிக் காலத்துக்கு முற்பட்ட பகுதி ஏதும் இன்று எஞ்சவில்லை. அதற்கு முந்திய தரை முழுவதும் புவித்தட்டுகளின் நகர்வால் பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது. ஆகவே, ஏறத்தாழ 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலவிய டிரையாசிக் காலத்தில், பாந்தலாசா என்னும் மாபெரும் கடலின் ஆழத்தில் நிகழ்ந்தவற்றை அறிய, அமிழும் தட்டிலிருந்து சுரண்டப்பட்டு நிலத்தோடு ஒட்டிக்கொண்ட பாறைத் தொகுதிகளையே நாட வேண்டியுள்ளது. ஜப்பானின் இனுயாமா நகரருகே கிசோ ஆற்றங்கரையில் வெளித்தெரியும் செர்ட் அடுக்குகள் அவற்றுள் தலைசிறந்தவை.

செர்ட் என்பது சிலிக்காவால் ஆன, மிகக் கடினமான, நுண்மணிப் பாறையாகும். இங்கே சில சென்டிமீட்டர் தடிப்புள்ள செந்நிறச் செர்ட்டும் சில மில்லிமீட்டர் அளவேயான களிப்பாறையும் மாறிமாறி அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. ஒற்றை உயிரணுவாலான மிதவையுயிர்களாகிய ரேடியோலேரியாவின் சிலிக்கா ஓடுகள், சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும் ஆழத்தில், நிலத்து மணல் எட்டாத தொலைவில் படிந்து இறுகியமையால் இப்பாறை உருவாயிற்று. 1,000 ஆண்டுகளில் சேர்ந்த படிவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே.

அருகிலுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு, ஜப்பானியச் செர்ட் அடுக்குகள் பலவும் டிரையாசிக்குக்கு முந்தியவை என்றே முன்னர்க் கருதப்பட்டன. 1970களில், மீனையொத்த சிற்றுயிரிகளின் பல்போன்ற கூறுகளாகிய கோனோடோன்ட்டுகள் அச்செர்ட்டின் டிரையாசிக் வயதைக் காட்டின. ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் பாறையின் மேற்பரப்பை அரித்து ரேடியோலேரியா ஓடுகளைப் பிரித்தெடுக்கும் முறை பரவியபின், செர்ட்டைச் சூழ்ந்த சேற்றுப்பாறை ஜுராசிக் காலத்தது என்பதும் புலனாயிற்று. பழைய பாறை இளைய பாறைக்குள் சிக்கியிருப்பதன் காரணத்தைத் தேடியபோதே, கடலடித்தரை நிலத்தோடு ஒட்டிச் சேரும் முறை ஜப்பானியத் தீவுகளின் அமைப்பை விளக்குவதாக ஏற்கப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓடுகள் ஒரு நாட்டின் நிலவியலையே திருத்தி எழுதச் செய்தன.

அண்மையிலுள்ள சகாஹோகியில், சில சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு களிப்பாறை அடுக்கில் இரிடியம் உள்ளிட்ட பிளாட்டினக் குழு உலோகங்கள் மிகுந்திருப்பதும் நுண்கோளங்கள் செறிந்திருப்பதும் கண்டறியப்பட்டு 2012இல் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கனடாவின் மனிகுவாகன் பள்ளத்தை உண்டாக்கிய விண்கல் மோதலோடு அவ்வடுக்கு தொடர்புபடுத்தப்படுகிறது. கீழும் மேலும் உள்ள அடுக்குகளில் ரேடியோலேரியா இனங்கள் மாறும் விதத்தை அடுக்கு அடுக்காக எண்ணிப் பார்த்தால்தான், அம்மோதல் கடலுயிர்களை எவ்வளவு தாக்கியது என்பதை முடிவு செய்ய இயலும்.

ஒரு பாறையின் வயதை அண்டைப் பாறையிடம் கேட்டறிவது போதாது. அது தன் எச்சங்களாலேயே பேச வேண்டும். களத்தில் அடுக்குகளை அளப்போரும் ஆய்வகத்தில் ஓடுகளை இனங்காண்போரும் ஒரே மாதிரியை ஒன்றாக அமர்ந்து ஆராயும் பழக்கம் வேரூன்ற வேண்டும். மாதிரி எடுத்த அடுக்கின் இடமும் வரிசையும் பிழையின்றிப் பதிவாக வேண்டும். இவ்விரண்டையும் இங்கு வாசிக்கப்பெறும் ஒவ்வொரு கட்டுரையிடமும் எதிர்பார்த்து, தொல்லுயிரியலாரும் படிவுப்பாறை ஆய்வாளரும் ஒருங்கே கூடியுள்ள இம்மாநாடு தொடங்கி வைக்கப்படுகிறது.