ஒரு பகல் தங்கலும் ஓர் எல்லை நிலமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பயண இலக்கியம் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் பணித்தார். நம் கூட்டங்களில் பயணக் கட்டுரை படிக்கப்படும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஓர் ஊரில் ஒரு பகல் மட்டும் தங்கியவன் அவ்வூரைப் பற்றி எழுதலாமா? அதற்கு என் விடையை ஒரே ஊரை முன்வைத்துச் சொல்ல விழைகிறேன். அவ்வூர், ஸ்பெயினின் தென்கோடியை ஒட்டியிருக்கும் ஜிப்ரால்டர். தனியே பயணம் செய்த காலத்தில் அங்கு ஒரு பகல் தங்கினேன்.

பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 34,000 பேர். நடுவே 426 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை. 711இல் கடல் கடந்து வந்த படைத்தலைவர் தாரிக்கின் பெயரால் ‘ஜபல் தாரிக்’, அதாவது தாரிக்கின் மலை, என்று வழங்கியதே ஜிப்ரால்டர் என மருவியது. 1704இல் ஆங்கிலேய, டச்சுப் படைகள் அதைக் கைப்பற்றின. 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கை அதைப் பிரித்தானியர்க்கு உரியதாக்கியது. 1704இல் வெளியேறிய குடிகள் அருகிலேயே சான் ரோக்கே என்னும் ஊரை அமைத்துக்கொண்டனர். பிறந்த மண்ணின் பாறை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் குடியிருப்பதும் ஒருவகைப் பிரிவுதான்.

எல்லைக்கு இப்பாலுள்ள ஸ்பானிய ஊரின் பெயர் லா லீனியா. ‘கோடு’ என்பது அதன் பொருள். அங்கிருந்து கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நடந்தே உள்ளே சென்றேன். வேலியைத் தாண்டியதும் எதிர்ப்பட்டது விமான ஓடுபாதை. இடமில்லாத ஊராகையால் நகருக்குள் செல்லும் வழி அப்பாதையின் குறுக்கே போகிறது. விமானம் வரும்போது நடப்போரை நிறுத்திவைப்பார்கள். வண்டிகளுக்கெனச் சுரங்கப்பாதை 2023இல் திறக்கப்பட்டது. அதன் பின்னும் நடந்து வருவோர்க்குப் பழைய வழி உண்டு.

தனியே செல்பவனுக்குப் பேச்சுத் துணை இல்லை. ஆகவே அவன் செவி ஓய்ந்திருக்கும். கடைத்தெருவில் என் செவியில் விழுந்தது ஒரு விந்தையான பேச்சு. வாக்கியம் ஸ்பானியத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிந்தது. அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியத்தில் முடிந்தது. இதற்கு யானித்தோ என்று பெயர். தென் ஸ்பெயினின் ஆந்தலூசிய வழக்கை அடித்தளமாகக் கொண்டு, ஆங்கிலத்தோடு கலந்து, ஜெனோவா, மால்ட்டா, போர்த்துகல் ஆகிய இடங்களிலிருந்து வந்தோரின் சொற்களையும் யூதர்களின் எபிரேயச் சொற்களையும் ஏற்றுக்கொண்ட பேச்சு அது. அதிமதுர மிட்டாயின் ஆங்கிலப் பெயர் அங்கே ‘லிக்கிர்பா’ ஆயிற்று. கடலைமாவைக் கரைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் ஜெனோவா நாட்டுப் பலகாரம் ‘கலெந்தீத்தா’ எனப்படுகிறது. ‘சுடச்சுட இருக்கிறது’ என்று தெருவில் விற்றவன் கூவிய கூவலே பலகாரத்தின் பெயராக நின்றுவிட்டது என்பர்.

இந்தப் பேச்சு எப்படி உண்டாயிற்று? எல்லை திறந்திருந்ததால் உண்டாயிற்று. லா லீனியாவிலிருந்து தொழிலாளர் நாள்தோறும் வந்தனர்; பெண் கொண்டும் கொடுத்தும் இருபுறமும் உறவாயினர். ஸ்பானியத் தாய்மாரின் தாலாட்டு ஜிப்ரால்டரின் வீடுகளில் ஒலித்தது.

1967இல் நடந்த பொது வாக்கெடுப்பில் பிரித்தானியரோடு இருப்பதற்கு 12,138 பேரும், ஸ்பெயினோடு சேர்வதற்கு 44 பேரும் வாக்களித்தனர். 1969 ஜூன் மாதத்தில் ஜெனரல் பிராங்கோவின் அரசு எல்லைக் கதவை மூடியது. அவ்வாண்டிலேயே தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஒரே நாளில் வேலை இழந்தனர். கூப்பிடு தொலைவிலுள்ள தாயைக் காணவேண்டுமாயின், மொராக்கோவின் டாஞ்சியருக்குக் கப்பலேறி, அங்கிருந்து மீண்டும் ஸ்பெயினுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அதற்கு இயலாதோர் வேலியருகே வந்து நின்று கூவிப் பேசினர். பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினர். இறந்தோர் செய்தியையும் உரக்கக் கூவியே அறிவித்தனர். 1982 டிசம்பரில் நடப்போர்க்குக் கதவு திறந்தது; 1985 பிப்ரவரியில் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்டவை பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

நண்பர்களே, பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பது நம் மரபு. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது பாலை உண்டாகிறது. அதன் உரிப்பொருள் பிரிவு. ஐவகை நிலத்துள் எல்லை எது என்று ஒருவர் கேட்டால், பாலை என்றே சொல்வேன். அதுவும் இயற்கையில் உள்ள நிலமன்று. அரசுகளின் வெம்மை ஏறும்போது, நேற்றுவரை காய்கறி வாங்கச் சென்ற தெரு இன்று கடக்கவொண்ணாத சுரமாகிறது. நம் பாலைப் பாட்டில் தலைவன் பொருள்தேடிப் பிரிவான். இங்கே எவரும் எங்கும் போகவில்லை. அவரவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர், நிலம் பாலையாயிற்று.

கதவு திறந்த பிறகும் ஓர் இழப்பு தொடர்கிறது. பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். பாட்டி ஸ்பானியத்தில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் விடைசொல்வதை அன்று ஒரு கடை வாயிலில் கேட்டேன். யானித்தோவுக்கு நிலைத்த எழுத்துமுறை இல்லை. 1978இல் மனுவேல் கவில்லா என்பார் அதன் சொற்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டார். அத்தகையோர் இல்லையெனில் பல சொற்கள் சுவடின்றிப் போயிருக்கும். 2025 ஜூனில் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் அரசியல் உடன்பாட்டை எட்டின. எல்லையில் ஆட்களைச் சோதிப்பதை ஒழிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வேலியை அகற்ற உடன்படிக்கையால் இயலும். பேரன் வாயில் பாட்டியின் சொல்லை வைக்க எந்த உடன்படிக்கையாலும் இயலாது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். ஒரு பகல் தங்கியவன் எழுதலாம். பாறையையும், அதன்மேல் திரியும் வாலில்லாக் குரங்குகளையும் ஆயிரம்பேர் எழுதிவிட்டனர். ஆயிரத்தொன்றாவதாக அவன் எழுதவேண்டியதில்லை. அவ்வூரார் இப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு வழங்கவும் ஒரு பகல் போதாது. ஆனால் செவியில் விழுந்த ஒரு பேச்சைக் கைப்பற்றிக்கொண்டு, அது எவ்வழி வந்தது என்று ஊர் திரும்பியபின் தேடிப் படித்து எழுதினால், அது எழுதத்தக்கதே. தங்கல் ஒரு பகலாக இருக்கலாம். தேடலை ஒரு பகலில் முடித்துவிடலாகாது.

நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் பயணம் செல்லும் உறுப்பினர் ஒவ்வொருவரும், தாம் சென்ற ஊரின் வீட்டுச்சொற்கள் பத்தையேனும், சொன்னவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் படித்தால் நன்று. பதினோராம் ஆண்டை அதனின்று தொடங்குவோம்.