எழுதத் துணிந்த பிள்ளைகளுக்கு

(பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நாடக, திரைக்கதைப் போட்டியின் பரிசளிப்பு நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது என்பதை நாம் அறிவோம். பின்வரிசையில் சுண்டல் பொட்டலம் பிரிக்கும் ஓசை இங்கே வரை கேட்கிறது. ஆயினும் போட்டிக்கு வந்த பதினான்கு கையெழுத்துப் படிகளையும் இரண்டு முறை வாசித்தவர் என்ற உரிமையில் சற்றுப் பேச அனுமதியுங்கள்.

முதலில் நாமே ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பி திருவிழாவுக்காக நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். குடிகார அண்ணனுக்கும் அவனுக்குச் சோறு போடும் தம்பிக்கும் இடையே நடக்கும் கதை. கடைசிக் காட்சியில் தம்பி தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போகிறான். அத்துடன் திரை விழுகிறது. "இதில் நீதி எங்கே? ஒரு சாமியாரைக் கொண்டுவந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வை" என்றோம். அவரும் வைத்தார். நாடகம் நடந்தது. மூன்று காட்சிகள் வரை மூச்சுவிடாமல் பார்த்த மக்கள், அந்தச் சாமியார் மேடைக்கு வந்ததும் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். அந்தத் தம்பி அதற்குப் பிறகு நம்மிடம் எதையும் எழுதிக் காட்டவில்லை. இந்தப் போட்டியை நடத்த வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றதற்கு அவரும் ஒரு காரணம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு திரைக்கதை ஆசிரியரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இயக்குநர் மகேந்திரன் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1939இல் இளையான்குடியில் பிறந்தவர், இயற்பெயர் அலெக்சாந்தர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, விருந்தினராக வந்த எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே சினிமாவைக் குறை கூறிப் பேசினார். ஊரில் ஒருவன் காதலித்தால் ஊரே பார்க்கிறது, சினிமாவிலோ அவன் ஆடிப் பாடினாலும் யாரும் கண்டுகொள்வதில்லையே என்பது அவர் கேள்வி. எம்.ஜி.ஆர். கோபிக்கவில்லை, பாராட்டினார். பின்னாளில் அவரையே அழைத்து 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்தப் படம் அன்று எடுக்கப்படவில்லை. ஆனால் பெரிய நாவலைக் காட்சி காட்சியாகப் பிரிக்கும் வேலை அவருக்குப் பயிற்சியாயிற்று. எழுதியது படமாகாவிட்டால் உழைப்பு வீண் என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

1974இல் சிவாஜி நடித்து வெளிவந்த 'தங்கப்பதக்கம்' மகேந்திரன் எழுதியது. வசனத்துக்கு வசனம் கைதட்டல். அதே கைதான் 1978இல் 'முள்ளும் மலரும்' எழுதியது. அந்தப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், வசனமே இல்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டதை மகேந்திரனே பல முறை சொல்லியிருக்கிறார்.

'முள்ளும் மலரும்' கதை பிறந்ததே ஒரு போட்டியில்தான். 1941இல் தொடங்கிய கல்கி இதழ் 1966இல் தன் வெள்ளி விழாவுக்காக நாவல் போட்டி நடத்தியது. நம்மைப் போலவே வெள்ளி விழாதான். பரிசுத் தொகையில்தான் அவர்களை நெருங்க முடியவில்லை! வானொலியில் பணிபுரிந்த உமாசந்திரன் அதில் பரிசு பெற்றார். பரிசுக்கும் படத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். மகேந்திரன் நாவலை அப்படியே படி எடுக்கவில்லை. காளி என்ற விஞ்ச் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனம், தங்கைமீது உயிர், மேலதிகாரியிடம் வணங்காத கழுத்து. துறைமுகத்தில் விஞ்ச் இயக்கிய அப்பாக்களின் பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலேயே இருந்த ஒரு மனிதரைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று பதினான்கு படிகளை வாசித்தபோது நமக்கு வருத்தமாக இருந்தது. பாதிக்கு மேல் வெளிநாட்டில் நடக்கும் கொலைகள். ஒன்றில் சுவிட்சர்லாந்து வருகிறது. எழுதியவர் தண்டையார்பேட்டையைத் தாண்டிப் போகாதவர்!

அடுத்த ஆண்டு 1979இல் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்ததிலிருந்து முளைத்த கதை. படம் மூலக்கதையை விட்டு வெகுதூரம் போய்விட்டது. ஆனாலும் புதுமைப்பித்தனின் பெயரை அவர் மறைக்கவில்லை. கடன் வாங்கியதைக் கடன் என்று சொல்லும் நாணயம் எழுத்துக்கும் தேவை.

எழுதும் முறை பற்றிச் சிலர் கேட்டீர்கள். நாம் சினிமாக்காரர் அல்லர், வாசகராகவே சொல்கிறோம். திரையில் காணவோ கேட்கவோ முடியாததை எழுதாதீர்கள். "அவன் மனம் உடைந்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை எப்படிப் படம் பிடிப்பது? அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான் என்று எழுதினால் தெரியும். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துப் பாருங்கள். காசிமேட்டில் ஏலம் கூறும் அக்கா செந்தமிழில் பேசினால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். காமிரா எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டளையிட வேண்டாம்.

போட்டிக்கு அனுப்பும்போது விதிமுறையை முதலில் படியுங்கள். முப்பது பக்கம் என்று கேட்டிருந்தோம். தொண்ணூறு பக்கம் வந்தது. ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது நடைமுறைக் கணக்கு. உள்ளே பெயர் எழுதக் கூடாது என்றால் எழுதாதீர்கள். நடுவருக்கு உங்கள் மாமாவைத் தெரியும் என்பதும் வேண்டாம். முதல் ஐந்து பக்கத்தில் எதுவும் நடக்காவிட்டால், களைத்த நடுவருக்கு ஆறாம் பக்கம் மலையாகத் தெரியும். இதை அனுபவித்துச் சொல்கிறோம்.

ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் குறித்துப் பதிவு செய்யுங்கள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 2007இல் பதிந்து வைத்த கதைதான், 2018இல் 'சர்க்கார்' படம் பற்றிய வழக்கில் அந்த எழுத்தாளருக்குத் துணை நின்றது, சமரசத்தில் முடிந்தது. அதே வேளையில், கருத்துக்கு மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஒரு நாடக ஆசிரியரின் வழக்கில் சொல்லிவிட்டது. 'அண்ணன் தங்கை பாசம்' யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் எழுதிய காட்சிகளும் அவற்றைக் கோத்த விதமும்தான் உங்கள் சொத்து. இன்னொன்று: பணம் கட்டினால் உங்கள் கதையைப் படமாக்குகிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படி ஒருவரிடம் தாயின் சங்கிலியை இழந்த பிள்ளையை நாம் அறிவோம். வேலையை விட்டுவிட்டுக் கோடம்பாக்கம் போகிறேன் என்று கேட்க வருகிறவர்களுக்கும் நம் பதில் ஒன்றே: ஷிப்டு முடிந்த பிறகு எழுதுங்கள். மாதச் சம்பளம் எழுத்துக்குப் பகையல்ல.

முதல் பரிசு பற்றி நடுவர்களிடையே சண்டையே வந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததே, அதைப் பற்றிய பதினொரு பக்கம். ஓர் அப்பா படகைத் தேய்க்கிறார். மகள் தண்ணீர் ஊற்றுகிறாள். எண்ணெய் போகவில்லை. இருவரும் பேசுவது மொத்தம் ஒன்பது வரி. அதில் மூன்று வரி சாப்பாடு பற்றியது. "வசனமே இல்லையே" என்றார் ஒரு நடுவர். "கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தை சேர்க்கச் சொல்லலாமே" என்றார் மற்றொருவர். நமக்கும் ஒரு கணம் நாக்கு துடித்தது. அந்தக் கப்பல் பட்டறைத் தம்பி நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டோம். ஒரு எழுத்தும் மாற்றாமல், வருகிற திருவிழாவின் எட்டாம் நாள் இரவு அது மேடையேறுகிறது.

எழுதிய தங்கை மேடைக்கு வரட்டும். அப்பா இன்று காலையே கடலுக்குப் போய்விட்டாராம். அம்மா வந்திருக்கிறார், அவருக்கு முன்வரிசையில் இடம் விடுங்கள்.