குறையைச் சரிசெய்யும் வழி



கும்பகோணத்தில் நின்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறவன் சீனிவாச ராமானுஜனைத் தொடாமல் போக முடியாது. 1904-ல் இந்த ஊர் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் தவறினார், உதவித்தொகை நின்றது. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கும் எஃப்.ஏ. என்ற அந்நாளைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

பிறகு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், கப்பல் பயணம், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பெருமை. இந்தப் பகுதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் உங்களைக் கொண்டுபோய் நிறுத்த விரும்புகிற இடம், 1914-ல் ஹார்டியும் ராமானுஜனும் எதிரெதிரே உட்கார்ந்த அந்த அறை.

ராமானுஜனிடம் பெரிய குறைகள் இருந்தன. நிரூபணம் என்றால் எது என்பதிலேயே அவருக்குத் தெளிவு போதவில்லை. ஐரோப்பாவில் கணித அறிஞர்கள் கற்றிருந்த சில அடிப்படைப் பகுதிகளை அவர் படித்ததே இல்லை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பியவற்றில் தவறுகளும் இருந்தன. ஹார்டி இதையெல்லாம் பார்த்தார். முதல் பாடத்திலிருந்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்த மனிதரின் தன்னம்பிக்கை உடைந்துவிடும் என்று அஞ்சினார். தெரியாததைத் தெரியாமலே விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். போகிற வழியில் எது தேவைப்பட்டதோ அதைச் சொல்லிக்கொடுத்தார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு இருவரும் 1918-ல் வெளியிட்ட விடை அப்படிப் பிறந்ததுதான். ராமானுஜனின் ஊகமும் ஹார்டியின் நிரூபணப் பயிற்சியும் அதில் கலந்திருக்கின்றன.

ராமானுஜன் இளம் வயதில் இறந்ததைவிட, இந்தியாவில் அவர் அலைக்கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளே பெருந்துயரம் என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். தாய்மார்களே, அந்த ஆண்டுகள் கழிந்தது நம் மண்ணில்.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆக வேண்டாம். என் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு. ஒரு பத்தியைத் தமிழில் பிழையில்லாமல் எழுத வராது. கணக்கு நோட்டு முழுக்கச் சிவப்பு மை. அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தால் தலை நிமிராமல் நிற்பார். மார்கழியில் ஒரு நாள் அந்தப் பெண் பள்ளி வாசலில் கோலம் போட்டாள். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். நடு வரிசையை விட்டு, மேல் பாதியை மட்டும் விரல் விட்டுக் கூட்டினாள்: 77. கீழேயும் அதே 77, நடுவில் 15, ஆக 169 என்றாள். இரண்டாவது பாதியை எண்ணத் தேவையில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

மறுநாள், அந்தக் கோலத்தைப் போடும் முறையை எழுதிவரச் சொன்னேன். எழுதினாள். அதைப் படித்துக்கொண்டே தோழி ஒருத்தி போட்டாள். நாலாவது வரிசையில் கம்பி திசைமாறிப் போயிற்று. ‘நான் அப்படி எழுதலையே’ என்றாள் இவள். தாளைப் பார்த்தாள். அப்படித்தான் எழுதியிருந்தாள். உட்கார்ந்து திருத்தினாள். ‘வலப்பக்கம்’ என்பதற்கு எந்த லகரம் என்று முதல்முறையாக அவளே வந்து கேட்டாள். அதுவரை நான் நூறு சொற்களை ஐந்து ஐந்து தடவை எழுதவைத்தும் கேட்காத கேள்வி அது.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கினால்தான் தேர்ச்சி, திறமையைக் கொண்டாடிக்கொண்டிருந்தால் அதை யார் வாங்கித் தருவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. படிக்கத் தெரியாத பிள்ளையிடம் ‘உனக்குத்தான் ஓவியம் வருகிறதே’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது அன்பு ஆகாது, அது கைவிடுவது. குறையைத் தொட்டே ஆக வேண்டும். பிள்ளை எங்கே உறுதியாகக் கால் ஊன்றி நிற்கிறதோ அங்கே நாம் போய் நின்று தொட வேண்டும் என்கிறேன். மாலை முழுவதும் வராத பாடத்துக்கு டியூஷன், ஞாயிறும் அதற்கே என்று ஆக்கி, வருகிற ஒன்றையும் ‘முழுப் பரீட்சை முடியட்டும்’ என்று பரணில் ஏற்றிவிடுகிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். அதற்குள் பிள்ளைக்கு, தான் எதற்கும் உதவாதவன் என்ற பாடம் மட்டும் மனப்பாடமாகிவிடுகிறது.

இரண்டு வேண்டுகோள்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிறபோது, மதிப்பெண் பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ‘இவன் எதைச் செய்யும்போது நேரம் மறக்கிறான்’ என்று பெற்றோர் ஆசிரியரிடம் சொல்லட்டும். ஆசிரியர் அதை எழுதிவைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்தின் மேல்மாடி சனிக்கிழமை பிற்பகலில் காலியாகக் கிடக்கிறது என்று வாசகர் வட்டத்து நண்பர் சொன்னார். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகள் அங்கே வரட்டும். மாட்டைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ, அவரவருக்குப் பிடித்ததைப் படிக்கட்டும், எழுதட்டும். உடன் உட்கார ஆள் வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மேடைக்குக் கீழே மேசையில் நோட்டு இருக்கிறது.